ஒரே சுருதி, 64 முகங்கள்! - சின்தசைசருக்குள் ஒலி அலையை வளைக்கும் வித்தை

மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே சுருதியில் ‘ஆ...’ என்று ஆரம்பியுங்கள். சுருதியை ஏற்றாமல், இறக்காமல், வாயை மட்டும் மெல்லக் குவித்து ‘ஓ...’வுக்கு வாருங்கள். அப்படியே ‘ஊ...’வில் முடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்த்தால் பரவாயில்லை.

தொண்டைக்குள் குரல்நாண்கள் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில்தான் அதிர்ந்தன. ஆனாலும் காதில் விழுந்தது மூன்று வெவ்வேறு ஒலிகள். மாறியது ஒலியின் உயரம் அல்ல, அதன் வடிவம். இன்று உலகம் முழுக்க சினிமாப் பாடல், விளம்பர இசை, கேம்ஸ் என்று எங்கும் ஒலிக்கும் ‘வேவ்டேபிள்’ சின்தசைசரின் மொத்த சூட்சுமமும் இந்த ‘ஆ-ஓ-ஊ’வுக்குள் இருக்கிறது. இதை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சிறியதொரு நிறுவனம் நடத்திய வோல்ஃப்காங் பால்ம். அவருடைய யோசனை ஜெயித்தது. அவருடைய நிறுவனம் 12 ஆண்டுகள்தான் தாக்குப்பிடித்தது.

மூலைதான் விஷயம்

சின்தசைசரில் ஒலி பிறக்கும் இடத்துக்கு ஆஸிலேட்டர் என்று பெயர். ஓர் அலையை விடாமல் திரும்பத் திரும்ப உருவாக்கிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. நொடிக்கு 440 தடவை உருவாக்கினால், மேற்கத்திய இசைக் குழுக்கள் கருவிகளைச் சுருதி சேர்க்கும் ‘ஏ’ ஸ்வரம் கிடைக்கும். 880 தடவை என்றால் அதற்கு மேல்ஸ்தாயி.

எத்தனை தடவை என்பது சுருதி. ஒவ்வொரு தடவையும் அந்த அலை எந்த வடிவத்தில் வருகிறது என்பதுதான் ஒலியின் நிறம். மேடு பள்ளம் வழுவழுப்பாக ஏறி இறங்கும் சைன் அலை, புல்லாங்குழலை மெதுவாக ஊதியது போல சாதுவாக இருக்கும். ரம்பப் பல் மாதிரி மெல்ல ஏறிச் சட்டென விழும் அலையில் பித்தளை வாத்தியங்களின் கணீர்த்தன்மை வரும். மேலே கொஞ்ச நேரம், கீழே கொஞ்ச நேரம் என்று தாவும் சதுர அலை, கிளாரினெட் போல உள்ளே காற்று நிரம்பிய ஒலி தரும்.

ஏன் இப்படி? எந்த அலையாக இருந்தாலும் அது பல சைன் அலைகளின் கூட்டுதான் என்று 200 ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே காட்டிவிட்டார். அடிப்படை அதிர்வு ஒன்று. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலே அடுக்கடுக்காக மேற்சுரங்கள். ரம்ப அலையில் எல்லா மடங்குகளும் உண்டு. சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும்தான். படத்தில் பார்த்தே கணிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. அலையில் கூர்மையான மூலை எவ்வளவு அதிகமோ, ஒலியும் அவ்வளவு கூர்மை. மூலைகளை மழுக்கினால் ஒலியும் மழுங்கும்.

1960-கள், 70-களில் வந்த அனலாக் சின்தசைசர்கள் இந்த நான்கைந்து வடிவங்களை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தின. மேற்சுரங்கள் நிறைந்த ரம்ப அலையை உருவாக்கி, ஃபில்டர் என்ற வடிகட்டியால் வேண்டாததை வெட்டித் தள்ளுவார்கள். வடிகட்டியைத் திறந்து மூடினால் ‘வ்வ்வாவ்’ என்று ஒரு சத்தம். இனிமைதான். ஆனால், எல்லாக் கருவியும் எல்லா நேரமும் அதையே செய்துகொண்டிருந்தால்?

வடிகட்டி இல்லாத பெட்டி

வோல்ஃப்காங் பால்ம் 1975-ல் தொடங்கிய நிறுவனம் ‘பால்ம் புராடக்ட்ஸ்’. சுருக்கமாக பி.பி.ஜி. ஆரம்பத்தில் அவரும் அனலாக் கருவிகளைத்தான் செய்தார். பெர்லினைச் சேர்ந்த ‘டேன்ஜரின் டிரீம்’ என்ற மின்னணு இசைக்குழுவினர் அவருடைய முக்கியமான வாடிக்கையாளர்கள். மேடையில் அனலாக் கருவியை வைத்துக்கொண்டு பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். சூடேறினால் சுருதி நழுவும். ஒரு பாட்டுக்கு அமைத்த ஒலியை அடுத்த பாட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருக வேண்டும்.

அலையை மின்சுற்றில் உருவாக்காமல் எண்களாக எழுதி வைத்துப் படித்தால் என்ன? எண்கள் சூட்டில் நழுவாது. ஆனால் அன்றைய நினைவகச் சில்லுகளின் விலை யானை விலை. ஒரு வயலினின் ஒலியை முழுதாகப் பதிவு செய்து வைப்பதெல்லாம் பெரும் பணக்காரர்களுக்கே கட்டுப்படியாகும் காரியம். 1979-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஃபேர்லைட் என்ற கருவி அதைத்தான் செய்தது. அதன் விலைக்கு ஒரு வீடே வாங்கலாம் என்று சொல்லும் அளவுக்கு இருந்தது.

பால்ம் பிடித்த வழி வேறு. முழு ஒலி எதற்கு? அலையின் ஒரே ஒரு சுழற்சி போதும். அதை 128 எண்களாக எழுதி, திரும்பத் திரும்பப் படித்தால் தொடர்ந்து ஒலிக்கும். அதிலும் பாதியை மட்டும் சேமித்து, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பிப் படித்துக்கொண்டால் இடம் இன்னும் மிச்சம். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் அம்மாக்களுக்கு இந்தச் சிக்கனம் உடனே புரியும்.

ஆனால், ஒரே சுழற்சியைத் திருப்பித் திருப்பிக் கேட்டால் சில நொடிகளில் அலுத்துவிடும். காலிங் பெல்லை விடாமல் அழுத்துவது போல. இயற்கை ஒலிகள் அப்படி இல்லை. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலை வைத்து, அதை மயிரிழை நகர்த்திச் சரி செய்வார்களே, எதற்கு? மீட்டிய பிறகு மேற்சுரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மலர வேண்டும் என்பதற்குத்தான். ஒலிக்குள் நகர்வு இருந்தால்தான் உயிர்.

அதற்கு பால்ம் கண்டுபிடித்த விடை, அலைகளின் அட்டவணை. வரிசையாக 64 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு வடிவம். முதல் இடத்தில் சாதுவான அலை, அடுத்ததில் துளி கூர்மை, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் என்று வைத்து, ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடிக்கொண்டே இருந்தால்? குழந்தைகள் நோட்டின் ஓரத்தில் வரைந்து சரசரவென்று புரட்டும் பொம்மைப் படம் போலத்தான். ஒவ்வொரு பக்கமும் அசையாத படம். புரட்டினால் பொம்மை ஓடும்.

1978-ல் வெளிவந்த ‘வேவ்கம்ப்யூட்டர் 360’ என்ற கருவியில் வடிகட்டியே கிடையாது. அட்டவணையில் ஓடினாலே வடிகட்டியின் விளைவு வந்துவிடுமே, பிறகு அது எதற்கு என்பது கணக்கு. காகிதத்தில் சரியான கணக்கு. காதில் கேட்டால் ஒலி மெலிந்து, கண்ணாடியில் கீறியது போலக் கூசியது. கருவி விலை போகவில்லை.

பால்ம் யோசனையைக் கைவிடவில்லை. கைவிட்டது பிடிவாதத்தை. 1981-ல் வந்த ‘வேவ் 2’-ல், டிஜிட்டல் அலைகளுக்குப் பின்னால் பழைய பாணி அனலாக் வடிகட்டியைச் சேர்த்தார். குளிர்ந்த கண்ணாடி ஒலிக்கு மேல் ஒரு கம்பளி போர்த்தியது போலாயிற்று. அடுத்த ஆண்டே வந்த ‘வேவ் 2.2’-ல் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ஆஸிலேட்டர்கள். நீல நிற முகப்புள்ள அந்தக் கருவிதான் 80-களின் பாப் இசைக்கு ஒரு தனி நிறம் கொடுத்தது. டேன்ஜரின் டிரீம், பிரிட்டனின் டெபெஷ் மோட், தாமஸ் டால்பி என்று ஒரு பெரிய வரிசை அதைப் பயன்படுத்தியது.

படிக்கட்டுச் சத்தம்

இன்றைய அளவுகோலில் பார்த்தால் அந்தக் கருவியில் குறைகள் நிறைய. எண்கள் 8 பிட். அதாவது அலையின் உயரத்தைக் குறிக்க 256 அளவுகள் மட்டும். வழவழப்பாக ஏற வேண்டிய கோடு, நெருங்கிப் பார்த்தால் படிக்கட்டு. படிக்கட்டு என்றாலே மூலைகள். மூலை என்றாலே கூர்மை. அட்டவணையில் மெதுவாக நகர்ந்தால் ஓர் அலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ‘டிக்’ கூடக் காதில் கேட்கும்.

உயரமான ஸ்வரங்களில் இன்னொரு பேயும் கிளம்பும். சினிமாவில் வண்டி வேகமெடுக்கும்போது சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே மாயம்தான். நொடிக்கு இத்தனை எண்கள்தான் என்ற வரம்பைத் தாண்டும் மேற்சுரம், திரும்பிக் கீழே விழுந்து, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஸ்வரமாக ஒலிக்கும். அலையாசிங் என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறைகள்தான் பி.பி.ஜி-யின் கையெழுத்து ஆகிப்போயின. அந்தக் கரகரப்பும் படிக்கட்டும் இல்லாத ‘வேவ்’ ஒலியை ரசிகர்கள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. 2000-ல் இதே கருவியை கம்ப்யூட்டர் மென்பொருளாக மறுபடி உருவாக்கியபோது, உயரமான ஸ்வரங்களில் வரும் அந்த அலையாசிங்கையும் சேர்த்தே உருவாக்க வேண்டியிருந்தது.

ஜப்பான் புயல்

1983-ல் யமஹாவின் ‘டி.எக்ஸ் 7’ வந்தது. அதுவும் டிஜிட்டல். எலெக்ட்ரிக் பியானோ, மணி, பேஸ் எல்லாம் துல்லியமாக ஒலித்தன. அமெரிக்காவில் 2,000 டாலருக்குள் கிடைத்தது. பி.பி.ஜி வேவின் விலையோ அதைப்போல பல மடங்கு. டி.எக்ஸ் 7 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஹாம்பர்க் பட்டறையில் கையால் கோத்துக்கொண்டிருந்தவர்களால் இதற்கு எப்படி ஈடுகொடுக்க முடியும்? பின்னாலேயே அசல் ஒலிகளைப் பதிவு செய்து வாசிக்கும் சாம்ப்ளர் கருவிகளும் விலை குறைந்து கடைக்கு வந்துவிட்டன.

1984-ல் ‘வேவ் 2.3’ வெளியிட்ட பால்ம், அதற்குப் பிறகு போட்டது ஒரு பெரிய கணக்கு. 1986-ல் ‘ரியலைசர்’ என்ற மாதிரிக் கருவியைக் காட்சிக்கு வைத்தார். திரையோடு கூடிய ஒரு பெட்டி. உள்ளே ஓடுவது மென்பொருள். இந்தப் பாட்டுக்கு அனலாக் சின்தசைசராக இரு என்றால் அப்படி இருக்கும். அடுத்த பாட்டுக்கு வேவ்டேபிளாக மாறு என்றால் மாறும். இன்று லேப்டாப்பில் ‘பிளக்-இன்’ போட்டு வாசிக்கும் எல்லோரும் செய்வது இதைத்தான். ஆனால் 1986-ல் அதைச் சாத்தியமாக்கத் தேவைப்பட்ட சில்லுகளின் விலையில் யாரும் வாங்கும்படியான ஒரு பொருளைச் செய்ய முடியவில்லை. ரியலைசர் கடைக்கு வரவே இல்லை. 1987-ல் பி.பி.ஜி மூடப்பட்டது.

காலத்துக்கு முந்தி வந்தவர் என்று இப்போது பாராட்டுவது எளிது. கடன்காரர்களிடம் அதைச் சொல்ல முடியாது.

பி.பி.ஜி கருவிகளை விற்றுக்கொண்டிருந்த வோல்ஃப்காங் டியூரன், அடுத்த ஆண்டே ‘வால்டார்ஃப்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1989-ல் அது வெளியிட்ட ‘மைக்ரோவேவ்’ என்ற சின்னப் பெட்டிக்குள் இருந்தவை பெரும்பாலும் பால்மின் அட்டவணைகள்தான். வால்டார்ஃபும் 2004-ல் திவாலாகி, 2006-ல் மறுபடி எழுந்தது. வேவ்டேபிளுக்கும் பணத்துக்கும் என்னவோ ஜாதகப் பொருத்தம் சரியில்லை.

ரப்பர் போல வளையும் அலை

நிலைமை தலைகீழானது கம்ப்யூட்டரில். 2000-களின் நடுவில் நேட்டிவ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் வெளியிட்ட ‘மாஸிவ்’ மென்பொருள், டப்ஸ்டெப் என்ற இசை வகையின் உறுமல் பேஸுக்கு ஆஸ்தான வாத்தியமானது. 2014-ல் ஸ்டீவ் டூடா என்ற அமெரிக்கர் ‘சீரம்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். அதுவரை இருட்டறையில் நடந்த வேலைக்கு அவர் விளக்கைப் போட்டார் என்று சொல்லலாம். அலை திரையில் தெரிகிறது. அட்டவணை முழுவதும் முப்பரிமாண மலைத்தொடர் போல விரிகிறது. ஒலி எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே காதால் கேட்கலாம்.

பால்மின் ஓர் அலைக்கு 128 எண்கள். சீரமில் 2,048. அட்டவணைக்கு 64-க்குப் பதில் 256 அலைகள் வரை. பெருக்கிப் பார்த்தால் 5,24,288 எண்கள். இன்றைய லேப்டாப்புக்கு இது தூசு.

எண்ணிக்கையைவிட சுவாரஸ்யமானது, படிக்கும்போதே அலையை வளைக்கும் வசதி. ‘வார்ப்’ என்று அதற்குப் பெயர். புடவைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே நீளத் துணிதான். மடிப்புகளை ஓரமாக நெருக்கினால் ஒரு தோற்றம், நடுவில் நெருக்கினால் வேறு தோற்றம். ‘பெண்ட்’ என்ற முறை அலையின் 2,048 எண்களை அப்படித்தான் நடுப்பக்கமோ ஓரப்பக்கமோ நெருக்குகிறது. சுருதி துளியும் மாறாது. நெருங்கிய இடத்தில் சரிவு செங்குத்தாகும், ஒலி கூர்மையாகும்.

‘சிங்க்’ என்ற முறையில், அலையை வேகமாகப் படிக்க ஆரம்பித்து, ஒன்றே கால் சுற்றோ ஒன்றரைச் சுற்றோ போனதும் சட்டென்று நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. பாதியில் வெட்டிய இடத்தில் ஒரு மூலை முளைக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட அந்த மூலை இடம் மாறி, ‘யீயாவ்’ என்று கிழிக்கும் ஒலி வரும். இன்னொரு முறையில் மொத்த அலையையும் இடப்பக்கம் நசுக்கி, மீதி இடத்தை மௌனமாக விடுவார்கள். மூக்கால் பேசுவது போன்ற ஒலி கிடைக்கும்.

வழவழப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பி.பி.ஜி-யில் அலை அலையாகத் தாவும்போது ‘டிக்’ கேட்டது அல்லவா? இப்போது இரண்டு அலைகளுக்கு நடுவே உள்ளதைக் கம்ப்யூட்டரே கணக்கிட்டு நிரப்பிவிடும். ஆனால் முதல் அலை மேடாக இருக்கும் இடத்தில் இரண்டாவது அலை பள்ளமாக இருந்தால், நடுவில் என்ன வரும்? கூட்டிப் பாதியாக்கினால் பூஜ்யம். இரண்டு பக்கமும் நல்ல கனமான ஒலி, நடுவில் மட்டும் சத்தமே காணோம் என்று பலர் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். அலைகளை நேரடியாகக் கலக்காமல், மேற்சுரங்களின் அளவுகளைத் தனித்தனியாகக் கலக்கும் ‘ஸ்பெக்ட்ரல்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பள்ளம் மறையும்.

யார் நகர்த்துவது?

அட்டவணை ரெடி. வளைக்கவும் தெரியும். ஸ்வரம் ஒலிக்கும்போது இதையெல்லாம் நகர்த்தப் போவது யார்? இரண்டு கைகளும் கட்டைகள் மேல் இருக்கின்றனவே. இங்கேதான் மாடுலேஷன் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத உதவியாளர்கள் குமிழைத் திருகுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓர் உதவியாளர் ‘என்வலப்’. கட்டையை அழுத்திய நொடியில் கிளம்பி, உச்சிக்குப் போய், கொஞ்சம் இறங்கி நின்று, கையை எடுத்ததும் அடங்குவார். அவரை அட்டவணை இடத்தோடு இணைத்தால், ஒவ்வொரு ஸ்வரமும் கூர்மையாகப் பிறந்து சாதுவாக அடங்கும். வீணையை மீட்டியதும் நடப்பது ஏறக்குறைய இதுதான். இன்னொருவர் எல்.எஃப்.ஓ. இவரும் ஆஸிலேட்டர்தான், ஆனால் காதுக்கே கேட்காத அளவு மெதுவானவர். நொடிக்கு ஒன்றோ, நான்கு நொடிக்கு ஒன்றோ என்று ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருப்பார். இந்த ஊஞ்சலைப் பாட்டின் தாளத்தோடு பூட்டி, அடிக்கு இரண்டு, அடிக்கு மூன்று என்று ஆடவிட்டால் வருவதுதான் டப்ஸ்டெப்பின் பிரபலமான ‘வப்-வப்-வப்’.

மூன்றாவது உதவியாளர் வாசிப்பவரின் விரலே. கட்டையை மெல்லத் தொட்டால் அட்டவணையின் முதல் அலை, ஓங்கி அடித்தால் முப்பதாவது அலை. மூவரில் இவரை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒலி உயிரோடு இருப்பதும் செத்துக் கிடப்பதும் பெரும்பாலும் இந்த இணைப்பில்தான் இருக்கிறது.

கற்றுக்கொள்ள ஆசையா? பணம் தேவையில்லை. 2020-ல் மேட் டைட்டல் என்ற ஒற்றை மனிதர் உருவாக்கிய ‘வைட்டல்’, சீரமுக்கு இணையான வேவ்டேபிள் மென்பொருள். அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. கம்ப்யூட்டர் வேண்டும், செல்போன் போதாது. அதில் முதல் மூன்று ஆஸிலேட்டர்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அணைத்துவிடுங்கள். வடிகட்டியையும் எதிரொலியையும் தொட வேண்டாம். ஓர் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஸ்வரத்தை அழுத்திக்கொண்டே இடத்தைக் கையால் மெதுவாக நகர்த்துங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே கேட்க நன்றாக இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது முழு அட்டவணையில் ஒரு சின்னத் துண்டாகத்தான் இருக்கும். பிறகு எல்.எஃப்.ஓ-வை மவுஸால் இழுத்து அந்தக் குமிழ் மேல் விட்டு, அந்தத் துண்டுக்குள் மட்டும் நான்கு நொடிக்கு ஒரு தடவை ஆடும்படி அளவைக் குறையுங்கள். முதல் நாளே எட்டுக் குமிழ்களில் எட்டு உதவியாளர்களை ஏவிவிட்டால், கூட்டுக்குடும்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது போலத்தான் இருக்கும்.

சொந்தக் குரலையும் அட்டவணையாக்கலாம். போனில் ‘ஆ-ஓ-ஊ’வைப் பதிவு செய்து, அந்த ஆடியோவை வைட்டலின் ஆஸிலேட்டர் மேல் இழுத்துப் போட்டால் போதும். அது குரலைத் துண்டு துண்டாக வெட்டி வரிசைப்படுத்திக்கொள்ளும். பதிவு செய்யும்போது சுருதி அலையாமல் இருந்தால் அட்டவணை சுத்தமாக வரும்.

பால்மும் ஒதுங்கிவிடவில்லை. பி.பி.ஜி மூடி 25 ஆண்டுகள் கழித்து, 2012-ல் ஐபேடுக்காக ‘வேவ்ஜெனரேட்டர்’ என்ற செயலியை வெளியிட்டார். அலைகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி, விரலால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தேய்த்து நகரும் வசதி அதில் இருந்தது. ரியலைசருக்குள் அடைக்க முடியாமல் போனவை இப்போது மடியில் வைக்கும் ஒரு தகட்டுக்குள் அடங்கிவிட்டன.

வைட்டலைத் திறந்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிங்க், பெண்ட் குமிழ்களைத் திருகும்போது ஒலி எதிர்பாராமல் எகிறும். ஹெட்போனில் கேட்பவர்கள் சத்தத்தைப் பாதிக்கும் கீழே வைத்துவிட்டு ஆரம்பிக்கவும். குழந்தைகள் காதில் மாட்டியிருந்தால் அதைவிடவும் கீழே.